காரிய வீட்டில் ஏன் சிரித்தோம்

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தை மெல்போர்னிலிருந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த நீ, பந்தலில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு மனம் நொந்துபோனதாக உன் அப்பா சொன்னார். "அதற்குள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டாயாம். தேர்வுக் காலத்தில் அகப்பட்டுக்கொண்டு, கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன பிள்ளைக்கு அந்தக் கோபம் வருவது நியாயம். சிரித்தவர்களில் நானும் உண்டு, உன் அப்பாயியும் உண்டு என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், தபால்காரராக இருந்த தாத்தாவின் கையால் தபால் வாங்கியவர்கள் மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வரை பரவிக் கிடக்கிறார்கள் என்பதே. அவர்களுக்கும் இது சேர வேண்டும்.

அன்று பந்தலில் நடந்தது இதுதான். வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக, தாத்தா தங்களிடம் எப்போதோ சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொன்னார்கள். அந்த வாக்கியம் ஒவ்வொன்றும், சொல்பவர் ஊர் முன்னால் தலைகுனிந்து நின்ற ஒரு நாளில் தாத்தாவின் வாயிலிருந்து வந்தது. மகன் பணம் அனுப்பாத மாதம், வேலை கிடைக்காத வருடம், கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்ற காலை என்று யாரும் வெளியில் சொல்லத் தயங்கும் நாட்கள் அவை. அவற்றை இத்தனை பேர் நடுவில் சொல்லிச் சிரிக்க முடிந்ததென்றால், அன்றைய அவமானத்தை அவர் அன்றைக்கே எடுத்து எறிந்துவிட்டார் என்றுதான் பொருள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ பிறந்த 2004-ஆம் வருடம்தான் அவர் ஓய்வு பெற்றார். ஆகையால் நீ அறிந்த தாத்தா, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம் வேடிக்கை பேசியவர். நான் அறிந்த பெரியப்பா காக்கிச் சட்டைக்காரர். அறுபதுகளின் நடுவில் ஒரு கிளை அஞ்சலகத்தில் இ.டி. ஆளாக, அதாவது நாளுக்குச் சில மணி நேர வேலைக்குச் சொற்பச் சம்பளம் வாங்கும் ஆளாகச் சேர்ந்து, இலாகா தேர்வு எழுதித் தேறி, நிரந்தரத் தபால்காரராகி, பாமணி ஆற்றை ஒட்டிய ஊர்களில் காலமெல்லாம் சைக்கிள் மிதித்தவர். பள்ளி விடுமுறைகளில் அந்தச் சைக்கிளின் முன் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொண்டு போவார். அன்றைக்கு உண்டான கடிதங்களைத் தெரு வாரியாக, வீட்டு வரிசைப்படி அடுக்கிச் சணலால் கட்டி வைத்திருப்பார். வீடு வந்ததும் கட்டைப் பார்க்காமலேயே மேலாக இருப்பதை உருவுவார்; அது அந்த வீட்டுக் கடிதமாகவே இருக்கும்.

அக்காலத்தில் தந்தி என்றால் சாவுச் செய்தி என்றுதான் ஊர் அறிந்திருந்தது. பிள்ளை பிறந்ததற்கும் வேலை கிடைத்ததற்கும் தந்தி வந்ததுண்டு. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். உறையைப் பிரித்துப் படிப்பதற்குள் ஒப்பாரி பாதி முடிந்திருக்கும். தந்தியில் என்ன இருக்கிறது என்பது ஆபீஸில் அதை எழுதி எடுத்தவரின் முகத்திலேயே பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். நல்ல சேதியாக இருந்தால், தெருமுனை திரும்பும்போதே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு, "நல்ல தந்தி, நல்ல தந்தி! அழுவுறதுன்னா காப்பியப் போட்டு வச்சிட்டு அழுவுங்க!" என்று கத்திக்கொண்டே வருவார். அழத் தொடங்கிய வாய் அப்படியே சிரிப்பாக மாறுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கெட்ட சேதியாக இருந்தால் அவர் வேறு மனிதர். தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். மணி ஒலிக்காது. நேராக அந்த வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போய், வயதில் மூத்த ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றி விட்டு, அவரை முன்னால் விட்டுத் தான் பின்னால் போவார். சேதி சொன்னதோடு கிளம்பிவிடவும் மாட்டார். மீதித் தபாலைக் கொடுத்து முடித்துவிட்டு மாலையில் திரும்பி வந்து, அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு முகவரி எழுதித் தருவார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வராது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது அவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "போவட்டும்டா, நல்லதுக்குச் சத்தம் போட்டே எனக்குத் தொண்டை போயிருச்சு" என்றார்.

மணியார்டர்தான் அவருடைய நாளின் பெரும்பகுதியைத் தின்றது. பம்பாயிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து, மாதம் பிறந்தால் திண்ணைக்குத் திண்ணை கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். கீழத்தெருவில் ஒரு பாட்டிக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை. அக்கம்பக்கத்தார் காது தீட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் தினமும் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். "வரலை" என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பணம் கெளம்பிருச்சு பாட்டி. ஆனா அதுவும் ஒம் மவன் மாதிரிதான், வழியில டீக்கடையப் பாத்தா ஒக்காந்துருது" என்பார். பாட்டி சிரிப்பாள், திண்ணைக்குத் திண்ணை சிரிப்பார்கள், பிள்ளை அனுப்பவில்லை என்பது அதோடு போய்விடும். ஒரு வழியாகப் பணம் வந்தபோது, மணியார்டர் பாரத்தின் அடியில் அனுப்புகிறவர் நாலு வரி எழுதுவதற்கென்று இருக்கும் துண்டு வெறுமையாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறான் என்று பாட்டி கேட்டாள். அந்த வெற்றுக் காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லிருக்கான், காசு போவுதேன்னு நெல்லுச்சோத்துல மிச்சம் புடிக்காதேன்னு எழுதிருக்கான்" என்று வாசித்துவிட்டு, துண்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இலாகா விதிகளில் இதற்கு இடம் உண்டோ இல்லையோ, அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

கைநாட்டு வைப்பவர்களுக்காகத் தன் பையில் மைப்பெட்டியோடு ஒரு பழைய வேட்டித் துணியும் வைத்திருப்பார். கட்டைவிரலில் மை இருந்தால் எழுத்து தெரியாதவர் என்று ஊருக்கே தெரியும் அல்லவா? அவர்கள் விரலைப் பிடித்து, மை போகும்வரை அவரே துடைத்துவிடுவார். கூச்சப்பட்டு விரலை இழுத்துக்கொண்டால், "இருங்க, இப்புடியே போனா எலக்சன்ல ஓட்டுப் போட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிருவான்" என்பார்.

மணியார்டர் பட்டுவாடாவுக்கு அவர் வரும் நேரம் பார்த்து வட்டிக்காரர் ஒருவர் தெருவில் நடமாடுவது வழக்கம். பணம் அவரிடம் கடன் வாங்கிய பெண்களின் கையில் விழுந்த மாத்திரத்தில் அதைப் பறித்துக்கொள்வார். ஒருநாள் அவர் ஒரு பெண்ணின் வீட்டு வாசற்படியிலேயே வந்து நின்றுவிட்டார். பெரியப்பா பாரத்தை அவர் முன்னால் விரித்து, "இதுல பெறுபவர்னு ஒரே ஒரு கோடுதாங்க போட்ருக்கான். ஒங்க பேரையும் எழுதலாம்னு பாக்குறேன், எடமில்லையே" என்று வருத்தப்படுவது போலச் சொன்னார். தெருவே சிரித்தது. வட்டிக்காரர் நகர்ந்து போனார். அதன்பிறகு வாசலுக்கு வரவில்லை. கடன் கடனாகவே இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பெண் தன் வீட்டுப் பணத்தைத் தன் கையால் எண்ணி, அரிசிக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று தானே பிரிக்க முடிந்தது. காரியத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் அந்தப் பெண்ணின் மகள்தான். இப்போது அவரே பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்.

வெளிநாட்டுக் கடிதங்களின் கதை தனி. கணவன் சிங்கப்பூரில் இருக்க, மாமியார் வீட்டில் இருந்த ஒரு புதுமணப்பெண்ணுக்கு நீலநிறக் கடிதம் வரும். அந்தப் பெண்ணுக்கும் படிக்கத் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லி இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். நலம் விசாரிப்பு, பண விவரம், ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் கணீரென்று வாசிப்பார். அந்தரங்கமான வரிகள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதுக்கு மேல பேனாவுல மை தீந்துருச்சு போல, ஒண்ணும் தெரியல" என்று மடித்துக் கொடுத்துவிடுவார். பிறகொரு நாள் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, "ஒனக்கு வர்ற கடுதாசியில பாதி நான் படிக்கக் கூடாதும்மா, நீதான் படிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் அந்தத் தெருவில் இரவு வகுப்பு தொடங்கியபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அந்தப் பெண்தான். பந்தலில் அவர் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். பழைய கடிதங்களை எடுத்துவைத்து, விட்டுப்போன வரிகளை எழுத்துக்கூட்டி வாசித்த இரவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நீ அழைப்பைத் துண்டித்தது அதற்கு முன்னால் என்று நினைக்கிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய ஆசிரியரை உனக்குத் தெரியும். அவர் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வருடக்கணக்கில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தேர்வாகவில்லை என்ற கடிதங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உறையின் கனத்தை வைத்தே உள்ளே என்ன என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அவற்றை வீட்டில் கொடுக்காமல், ஆற்றுப் பாலத்தருகே அவரைத் தனியாகப் பிடித்துக் கொடுப்பார். "கவர்மெண்டு ஒன்னய மறக்கவே மாட்டேங்குதுடா. கலெக்டருக்குக்கூட மாசா மாசம் இவ்வளவு கடுதாசி வராது" என்பார். நியமன உத்தரவு வந்த அன்று மட்டும் பாலத்தருகே நிற்காமல், தெருவே கேட்கும்படி மணியடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனாராம். மணிச் சத்தத்தைக் கேட்டதும் உறையைப் பார்க்காமலேயே தன் தாயார் அழத் தொடங்கிவிட்டதாக ஆசிரியர் சொன்னார்.

நம் வீட்டு விசேஷங்களில் நகைச்சுவை என்ற பெயரில் என்ன நடக்கும் என்று நீயும் பார்த்து வளர்ந்தவள்தான். நிறத்தைச் சொல்லி, பருமனைச் சொல்லி, வேலையில்லாததைச் சொல்லி, யாராவது ஒருவரைப் பிடித்து நடுவில் நிறுத்தி எல்லோரும் சிரிப்பார்கள். அகப்பட்டவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, இன்றுவரை பிடிக்காது. பெரியப்பாவுக்கு அது சற்றும் ஆகாது. திருமணமாகி வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்த நம் உறவுக்காரப் பெண்ணிடம், ஒரு வளைகாப்புப் பந்தியில், இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு அம்மாள், "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். எதிர்வரிசையில் இருந்த பெரியப்பா, "விசேஷம் வந்தா மொதல்ல எங்கையிலதானே வரும், நானே கொண்டாந்து ஒங்ககிட்டக் குடுக்குறேன். இப்ப ரசம் ஊத்துறாங்க, கையக் குவிங்க" என்றார். சிரிப்பு எழுந்தது, கேட்டவருக்கும் அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் நிமிர்ந்து சாப்பிட்டாள்.

உன் அம்மாவைப் பெண் பார்க்க நீடாமங்கலம் போனபோது நானும் கூட இருந்தேன். பதற்றத்தில் அவர்கள் வீட்டில் கேசரியை அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள். தட்டு கைக்கு வந்ததும் கருகிய வாசனை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் அம்மாவைப் பெற்ற தாத்தா முகம் வெளுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லியிருந்தால் போதும், அந்த வீடு அதை ஆயுளுக்கும் மறந்திருக்காது. பெரியப்பா முதல் ஆளாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "கேசரிக்குத்தான் கொஞ்சம் கோவம், பொண்ணு சாந்தமாத்தான் இருக்கு" என்றார். அங்கேயே பேச்சு முடிந்து, அன்றைக்கே தட்டு மாற்றும் தேதியைக் குறித்துவிட்டோம். நீ இந்த வீட்டுப் பிள்ளையாகப் பிறந்ததற்கு அந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

தன்னைப் பற்றிய வேடிக்கைகளுக்கு அவர் கணக்கு வைத்ததில்லை. ஒரு வீட்டு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்த வீட்டார் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்க, "ரிஜிஸ்தர் தபால் இல்லயா, அதான் வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருச்சு" என்று காலைக் காட்டினார். பல்லெல்லாம் விழுந்த பிறகு, "மன்னார்குடி மதிலழகும்பாங்க. எனக்கு மதில் இடிஞ்சு போச்சு, அழகு மட்டும் நின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை நீயே கேட்டிருப்பாய்.

கஜா புயல் உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடியலில் நம் கொல்லையிலும் பக்கத்துத் தோப்பிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, தாத்தா அவர் அருகில் போய் உட்கார்ந்தார், பேசவில்லை. பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, அந்த வயதில், பாதையை அடைத்துக் கிடந்த மட்டைகளை வெட்டி ஒதுக்கத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத அத்தனை நாளும் அவர் வேடிக்கை பேசி நான் கேட்கவில்லை. ஒரு மாலையில் திடீரென்று தெருவிளக்கு எரிந்தது. தாடியும் அழுக்குமாக எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், "இருட்டுல இருந்தவரைக்கும் எல்லாரும் அழகாத்தான் இருந்தோம்" என்றார். புயலுக்குப் பிறகு அந்தத் தெரு முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். எதைச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதில்தான் அவர் கைதேர்ந்தவர்.

கடைசி நாட்களைப் பற்றி நீ கேட்கத் தயங்குவாய், நானே சொல்லிவிடுகிறேன். இதயம் பலவீனப்பட்டு மருத்துவமனையில் இருந்தார். வலி அதிகம் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்த நீளமான தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கீங்களே, அட்ரஸ் எழுதலையே" என்று செவிலியரிடம் கேட்டார். இரவுப்பணியில் தனியாக அல்லாடிக்கொண்டிருந்த அந்தப் பெண், மறுநாள் அடுத்த வார்டிலிருந்து தன் தோழிகளையும் அழைத்து வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, "சார்ட்டிங்லதான் கெடக்கேன், இன்னும் டெலிவரிக்கு எடுக்கல" என்றார். தபாலை ஊர் வாரியாகப் பிரிப்பதைத்தான் சார்ட்டிங் என்பார்கள். கொழுப்பு கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னபோது, "பங்குனியில வெண்ணெய்த்தாழிக்கு எங்க ராஜகோபாலனையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க டாக்டர், அவருக்கும் யாராவது சொல்லணும்" என்றார். மன்னார்குடிப் பெருமாள் வெண்ணெய்க் குடத்தோடு புறப்படும் திருவிழா நாள் அது. அந்த மருத்துவர் காரியத்துக்கு வந்திருந்தார். தன் வாழ்க்கையில் ஒரு நோயாளியின் பதினாறாம் நாளுக்கு வருவது இதுவே முதல் முறை என்றார்.

அப்பாயி சிரித்ததுதான் உன்னை அதிகம் வருத்தியதாம். அவர் வந்தவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைத்துச் சமைக்கத் தொடங்கிய முதல் நாள், குறை சொல்வார் என்று பயந்துகொண்டே பரிமாறினாராம். தாத்தா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு விலாசம் மாறிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு போல, பரவால்ல, அவங்க நல்லவங்க, திருப்பிக் குடுத்துருவாங்க" என்று சொல்லித் தட்டைக் காலி செய்தாராம். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பாயி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டதும், பக்கத்தில் இருந்தவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டதும் கைபேசியின் சின்னத் திரையில் உனக்குத் தெரிந்திருக்காது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், உறக்கம்தான் குறைவு. உன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். வாராவாரம் காணொளி அழைப்பில் தாத்தா உன்னிடம் பேசியவை எங்கள் யாருக்கும் தெரியாது. நினைவில் இருப்பதையெல்லாம் அவர் சொன்ன பேச்சுமொழியிலேயே எழுதி அனுப்பு. வாட்ஸப்பில் வேண்டாம், தாளில் எழுதித் தபாலில் போடு. அப்பாயிக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். இன்னொன்று, கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், தாத்தா தனக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு கேட்டும் எங்களிடம் சொல்லவில்லை. பேத்தி வரட்டும், அவளிடம்தான் சொல்வேன் என்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது. பங்குனித் திருவிழாவுக்கு விடுப்புக் கிடைக்குமா என்று பார்.

அன்புடன்,
சித்தப்பா